ஒன்பது இஞ்சு சுவர்

தெருவில் அவருக்கு ரசமட்டம் என்று பெயர். நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். யார் வீட்டுக்குப் போனாலும் மேசை சாய்ந்திருக்கிறதா, கதவு நேராக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் நலம் விசாரிப்பார். அந்தப் பட்டப்பெயர் அவர் காதுக்கும் எட்டியிருந்தது. வேறு யாருக்காவது வைத்திருந்தால் எவ்வளவு பொருத்தம் என்று அவரே சிரித்திருப்பார்.

அப்பா கட்டிய வீட்டுக்குக் கூரை ஒன்று, வாசல் இரண்டு. இடது பாதி அவருக்கு, வலது பாதி தங்கைக்கு. நடுவில் இருவருக்கும் பொதுவாக ஒன்பது இஞ்சு செங்கல் சுவர். தங்கையின் பாதியில் சமையலறை ரொம்பச் சின்னது. ஒருவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தால் இன்னொருவர் வெளியே வந்துதான் திரும்ப வேண்டும். அதனால் இரண்டு பாதியையும் சேர்த்து இடித்து, ஆளுக்கொரு பெரிய வீடாகக் கட்டிக்கொள்ளலாம் என்று தங்கை வந்து கேட்டாள். "வீடு நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லி அவர் மறுத்துவிட்டார். உண்மையான காரணம் அதைவிடச் சின்னது. அந்த யோசனை முதலில் தனக்குத் தோன்றவில்லையே என்ற கடுப்பு.

தங்கை கெஞ்சவில்லை. அவளும் அவள் கணவரும் பக்கத்துத் தெருவில் வாடகைக்குக் குடி போனார்கள், தங்கள் பாதியை மட்டும் இடிக்க ஏற்பாடு செய்தார்கள். ரசமட்டத்துக்கு வந்ததே கோபம். பொதுச்சுவரில் ஒரு உளி படக் கூடாது, ஒரு இஞ்சு நகரக் கூடாது என்று தங்கையின் போனுக்குச் செய்திக்கு மேல் செய்தி அனுப்பினார். ஒவ்வொன்றுக்கும் "சரி அண்ணா" என்றுதான் பதில் வந்தது. சண்டைக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்பவனுக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

இடிக்கும் நாளில் அவர் கூடத்தில் நாற்காலியைப் போட்டு, சுவருக்குக் காவல் உட்கார்ந்தார். பெயருக்குக் காரணமான, மட்டம் பார்க்கும் கருவியைச் சுவரோடு ஒட்டிப் பார்த்தார். குமிழி நடுவில் அசையாமல் நின்றது.

"பாத்தியா, நூல் பிடிச்ச மாதிரி நிக்குது," என்றார் மனைவியிடம்.

"ம்," என்றாள் அவள்.

அந்த "ம்" முடிவதற்குள் அந்தச் சுவரில் குடைந்து வைத்திருந்த அலமாரி ஆடியது. வேலையில் வாங்கிய கேடயங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சரிந்தன. பின்பலகை கழன்று விழுந்தது. அந்தப் பக்கத்திலிருந்து தூசி படிந்த ஒரு முகம் உள்ளே எட்டிப் பார்த்தது.

"ஐயா, இது யார் வீடு?"

நடந்தது இதுதான். அலமாரி வைக்க ஆசைப்பட்ட காலத்தில் அவர் ஒரு கணக்குப் போட்டிருந்தார். சுவர் ஒன்பது இஞ்சு, பாதி தன்னுடையது, ஆகவே நாலரை இஞ்சு குடைந்தால் யாரும் கேட்க முடியாது. அதே அப்பாவுக்குப் பிறந்தவள் அந்தப் பக்கத்தில், அதே இடத்தில், அதே கணக்கைப் போட்டிருந்தாள். இரண்டு கணக்கும் சரி. மிச்சம்தான் ஒன்றுமில்லை.

இடிக்கும் வேலையை எடுத்திருந்த கம்பெனியின் எஞ்சினியர் வந்தாள். சின்னப் பெண். வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டு, அலமாரிக்குள் கையை விட்டு அந்தப் பக்கம் வரை நீட்டிப் பார்த்தாள்.

"இதை நம்பி அந்தப் பக்கத்தை எடுக்க முடியாது சார். உங்க தளத்தைத் தாங்க ஒண்ணும் இருக்காது. இதை ஒட்டி அவங்க இடத்துல புதுசா ஒரு சுவர் எழுப்பணும். இல்லேன்னா உங்க பாதியும் இறங்கணும்."

"இறங்கணும்னா?"

"இடிக்கணும் சார்."

ஒரு இஞ்சு நகரக் கூடாது என்று மார்தட்டியவர் தங்கையிடம் முக்கால் அடி இடம் கேட்டுக் கிளம்பினார். கிடைக்காவிட்டால் வீடு போய்விடும். வழி நெடுக ஒத்திகை பார்த்துக்கொண்டே நடந்தார். வீட்டு வாசலில் கிளம்பும்போது அவர் தங்கையை மன்னிப்பதாக இருந்தது. தெருமுனையில் தப்பை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்வதாக இருந்தது. தங்கை கதவைத் திறந்தபோது கையில் ஒன்றும் மிச்சமில்லை.

"வாசல்லயே நின்னா எப்படி, உள்ள வா அண்ணா."

"அந்தச் சுவர்..." என்று ஆரம்பித்தார்.

"தெரியும். நான் அலமாரிக்கு வெட்டினப்பவே உன் பலகையில போய் முட்டிச்சு. அப்படியே நிறுத்திட்டேன்."

"ஏன் அப்பவே சொல்லல?"

"சொன்னா ஒத்துக்குவியா? சுவர் நேரா இருக்குன்னு காட்ட ரசமட்டத்தைத் தூக்கிட்டு வந்திருப்பே."

வந்திருப்பார். அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

தங்கை புது வீட்டின் வரைபடத்தைக் கொண்டுவந்து விரித்தாள். பழைய சுவரை ஒட்டி, அவள் இடத்துக்குள், தடித்த கோடாக ஒரு புதுச் சுவர் முன்பே போட்டிருந்தது. அவர் கேட்க வந்ததை அவள் எப்போதோ கொடுத்துவிட்டிருந்தாள். அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த உயிர் சும்மா இருக்குமா, பழக்கதோஷத்தில் அளவுகளைப் படிக்க ஆரம்பித்தது. அந்தச் சுவர் தின்ற இடம் சமையலறையில் இருந்து போயிருந்தது.

"கிச்சன் முன்னைவிடச் சின்னதாயிடுச்சே," என்றார்.

"ஆமா. உன் வீடு நிக்கணும்ல."

அவள் குத்திக் காட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். அதனாலேயே அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்தத் தடித்த கோட்டின்மேல் விரலை வைத்தார்.

"இந்தச் சுவர் வேண்டாம். என் பாதியையும் இடிச்சிடலாம்."

தங்கை அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அண்ணிகிட்ட ஒரு வார்த்தை கேக்க வேண்டாமா?"

"நீ வந்து கேட்ட அன்னைக்கே அவ பாத்திரத்தையெல்லாம் அட்டைப்பெட்டியில போட்டு, கட்டிலுக்கு அடியில தள்ளி வெச்சுட்டா. நான்தான் பாக்காத மாதிரி இருந்தேன்."