மூடினால் தூங்கிவிடும்

தெருவில் அவனுக்கு டாக்டர் என்று பேர். லேப்டாப்புக்கு மட்டும்தான் டாக்டர். ஊரார் மடியைச் சுடும் மெஷின்களையெல்லாம் தன் ரிப்பேர் கடையில் பிரித்துப் போட்டு, விசிறியில் அடைந்த தூசியை ஊதித் தள்ளி, திருப்பிக் கொடுப்பான். கூடவே வாய் ஓயாமல் அறிவுரையும் கொடுப்பான்.

வீட்டில் மனைவிக்கும் அதே பாடம்தான். "சும்மா சும்மா ஆஃப் பண்ணாதே. மூடினா போதும், தூங்கிடும். தூங்கினா சூடே ஆகாது. அப்புறம் தாராளமா பையில வை."

அவள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். குழந்தைகள் புத்தகத்துக்குப் படம் வரைபவள். எட்டு மாதம் முதுகொடிய உட்கார்ந்து நாற்பது படம் வரைந்திருந்தாள். திங்கட்கிழமைக்குள் அனுப்பினால் வேறொரு நகரத்துப் பதிப்பகத்தில் வேலை கிடைக்கும் போலிருந்தது. படங்களை இன்னொரு இடத்திலும் நகல் போட்டு வைக்கலாமா என்று அவள் கேட்டதற்கு, "டாக்டரையே வீட்ல வச்சுக்கிட்டு என்ன பயம்?" என்று சிரித்தான். அவள் வேலைக்குப் போவது அவனுக்குப் பிடிக்கவில்லை. பொறாமையா என்று கேட்டால் எரிந்து விழுவான்.

வெள்ளிக்கிழமை ஒரு சினிமாவை இறக்க அவளுடைய லேப்டாப்பை எடுத்தான். மூடினாலும் ஓடிக்கொண்டே இருக்கும்படி செட்டிங்கை மாற்றினான். சினிமா இறங்கியது, சப்புக்கொட்டிப் பார்த்தான், செட்டிங்கைத் திருப்பி மாற்ற மறந்தான். ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிற பெரிய மனுஷனுக்கு வந்த மறதி.

சனிக்கிழமை காலை அவள் படங்களை இன்னொரு முறை சரிபார்த்து, லேப்டாப்பை மூடினாள். கீறல் படக்கூடாதென்று கனத்த துண்டில் சுற்றிப் பையில் வைத்து ஜிப்பையும் இழுத்துவிட்டு, தங்கையைப் பார்க்கப் போனாள். மாலையில் வந்து தொட்டால் பை கை வைக்க முடியாமல் கொதித்தது. பிளாஸ்டிக் கருகிய வாடை. எத்தனை முறை பட்டனை அமுக்கியும் உயிர் வரவில்லை.

"நீங்க சொன்ன மாதிரிதாங்க மூடினேன்" என்றாள்.

அவனுக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. "சரியா மூடியிருக்க மாட்டே" என்றான்.

மறுநாள் கடையில் வைத்துப் பிரித்தான். போர்டு போய்விட்டிருந்தது. டிஸ்க்கைக் கழற்றி வேறொரு மெஷினில் மாட்டிப் பார்த்தான். நாற்பது படமும் முழுசாக இருந்தன. இத்தனை நாள் எட்டிக்கூடப் பார்க்காதவன் அன்றைக்குத்தான் ஒவ்வொன்றாகப் பார்த்தான். அத்தனையும் அழகு. இவற்றைப் பார்த்தால் அவளை நிச்சயம் கூப்பிட்டுவிடுவார்கள்.

பாவி, எல்லாவற்றையும் அழித்தான். அழிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

"டிஸ்க்கும் வெந்துபோச்சும்மா. நானும் என்னென்னமோ செஞ்சு பார்த்தேன்" என்று வீட்டுக்கு வந்து சொன்னான். அவள் சுவரோடு சாய்ந்து வெகுநேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் போறது உங்களுக்குப் பிடிக்கலைல்ல, அதனால நீங்கதான் ஏதோ பண்ணிட்டீங்கன்னு ஒரு நிமிஷம் நெனச்சுட்டேங்க. என்ன ஜென்மம் நான்! என்னை மன்னிச்சிடுங்க."

"விடும்மா, மனசு ஒடிஞ்சிருக்கறப்ப அப்படித்தான் தோணும்" என்று அவள் தலையைத் தடவிக்கொடுத்து, மன்னித்துவிட்டான்.