தூசி துடைத்த படம்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. மறைக்க என்ன இருக்கிறது? 2007-இல் திருப்பூர் ராயபுரத்துப் பனியன் கம்பெனி ஒன்றில் டிசைன் வேலை பார்த்தேன். எங்கள் வீட்டில் டிகிரி முடித்த முதல் ஆள். மொபெட்டில் உட்கார்ந்து போகும் ஆடு ஒன்றைக் குழந்தைகள் டி-ஷர்ட்டுக்கு வரைந்தேன். துணி வாங்கும் வெளிநாட்டு பையருக்குப் பிடித்துப்போனது. உடனே முதலாளி திருமூர்த்தியின் மகன் நித்தீஷ், தான் வரைந்ததாக மெயில் போட்டுவிட்டான்.

(முதலில் எழுதிய தொடக்கம்: "தையல் மிஷின்கள் பாடும் திருப்பூரின் விடியலில்—" அடித்துவிட்டேன். தையல் மிஷின் பாடாது.)

2

எனக்குப் பயமில்லை. கல்லூரியில் என் ப்ராஜெக்டே படத்துக்குள் பெயரை ஒளித்து வைப்பதுதான். ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் ஒரு இம்மி மாற்றினால் போதும். கண்ணுக்குத் தெரியாது, என் புரோகிராம் மட்டும் படிக்கும்.

திருமூர்த்தி முன்னால் அதை ஓட்டினேன். பெயர் வரவில்லை.

"ஏங் கண்ணு, உம்பேரு லீவு போட்டுருச்சா?" என்றார். நித்தீஷ் சிரித்தான்.

"திங்கக்கெழமைக்குள்ள நிரூபிச்சுப்போடு. இல்லீனா மன்னிப்புக் கேட்டுப்போட்டுக் கெளம்பிரு."

3

இங்கே ஒரு வில்லன் தேவைப்பட்டது. துணியில் படம் அச்சடிக்கப் பிலிம் போடும் அந்தோணிராஜ் அண்ணனை நித்தீஷின் கையாளாக எழுதிப் பார்த்தேன். "அவர் கண்களில் வஞ்சகம்—" வரவில்லை. அவர் சொன்னதையே எழுதுகிறேன்.

"பிரிண்டுக்குக் கலர் பிரிக்கையில வெள்ளையெல்லாம் புள்ளி புள்ளியா நின்னுச்சு தாயி. தூசின்னு அரை நாள் உக்காந்து தொடச்சேன்."

"அதுதாண்ணே என் பேரு!"

"பேரைப் போயி யாராவது அப்பிடி எழுதுவாகளா?"

இருந்த ஒரே ஃபைலின் மேலேயே சேமித்தும்விட்டார். பையருக்குப் போனதும் துடைத்த படம்தான்.

(கல்லூரியில் திருடனை மனதில் வைத்துத்தான் காவல் போட்டோம். ஒழுங்காக வேலை பார்க்கிற மனிதரை யாருமே யோசிக்கவில்லை. முழு மார்க் வேறு.)

4

முடிவு ஒன்று: நித்தீஷ் ஒப்புக்கொள்கிறான். பொய். அவனை எனக்குத் தெரியும்.

முடிவு இரண்டு: நான் அவன் கன்னத்தில்— ஆசைதான். நடக்கவில்லை.

நடந்தது: "நானே வந்து சொல்லுதேன்," என்றார் அந்தோணிராஜ்.

"வேலை போயிரும்ணே."

"போனாப் போகுது. திருப்பூர்ல பிலிம் போட ஆள் வரிசையிலயா நிக்கான்?"

கிண்டலாகத்தான் சொன்னார். திங்கட்கிழமை திருமூர்த்தி முன்னால் நின்றபோது குரல் இறங்கியிருந்தது.

"மொதலாளி, இந்தப் பிள்ளை கையிலருந்துதான் படத்தை வாங்குனேன். புள்ளி இருந்துச்சு. தொடச்சது நான்."

திருமூர்த்தி சொன்ன பதிலை எழுதி வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன், என் கோபம் அதில் ஏறிவிட்டது. அந்த நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள். படத்தில் என் பெயர் இல்லை. ஒரு மனிதர் நின்றபடி சொல்லிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் உங்கள் மகன்.