பைக்கில் வருகிறவன்

தல்லாகுளம் பஸ் நிறுத்தத்தில் அந்தப் பெண்ணும் அதையேதான் சொன்னாள். "வில்லன் செம்ம, அண்ணா. மூஞ்சியப் பாத்ததும் பக்குன்னு ஆயிருச்சு." படம் முடிந்து இயர்போனைக் கழற்றிப் போனோடு நீட்டும்போதுதான் எதிரே நிற்பவனைச் சரியாகப் பார்த்தாள். "ஐயோ, நீங்கதானா அது!" என்று சிரித்தாள். சிவபாண்டியும் சிரித்துவைத்தான். காலையிலிருந்து இப்படிச் சிரித்தே தாடை வலி எடுத்துவிட்டது, பாவம்.

படத்தில் அவன் வில்லனே இல்லை. சாகப்போகிறவன்.

கல்லூரியில் கடைசி வருடம். ஒரு த்ரில்லர் படத்தின் ஆரம்பத்தை மட்டும், ஒன்றரை நிமிடத்துக்கு, மூன்று பேர் சேர்ந்து எடுத்திருந்தார்கள். கதை சிவபாண்டியுடையது. இருட்டத் தொடங்கும் நேரம், அவனியாபுரம் தாண்டி ஆளில்லாத ரோட்டில் ஒருவன் நடந்து போகிறான். பின்னால் விளக்கைப் போடாமல் ஒரு பைக் வருகிறது. இவன் நடையை எட்டிப் போடுகிறான், பைக் விடுவதாயில்லை. திரும்புகிறான். விளக்கு பளீரென்று எரிந்து முகத்தில் அடிக்கிறது, படத்தின் பெயர் விழுகிறது. இவ்வளவுதான் சங்கதி. ரோடு ரொம்பக் காலியாகக் கிடக்கிறதே என்று மூவரில் ஒருத்தியான ஹெப்சிபாவைத் தூரத்தில் பையை மாட்டி நடக்கவிட்டார்கள். வினை அங்கேதான் வந்தது.

யாருக்காகப் படம் எடுத்தீர்களோ அவர்களிடமே காட்டி, கருத்துக் கேட்டு, அதற்கேற்பத் திருத்திக் கொண்டுவாருங்கள் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். பதினாறிலிருந்து இருபத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும். கேன்டீனில் காட்டினான், ஜூஸ் கடையில் காட்டினான், விளாங்குடியில் ஒரு டியூஷன் சென்டர் வாசலில் வெயிலில் நின்று காட்டினான். எல்லாருக்கும் இவன் ஹெப்சிபாவைத் துரத்துகிறவன். பைக்? அது அவளைக் காப்பாற்ற வருகிற ஹீரோவாம்! "இதுல என்னண்ணே சந்தேகம், ஆளப் பாத்தாலே தெரியுதே" என்றான் ஒருத்தன். பார்த்தால் என்ன தெரிகிறது என்று சிவபாண்டி கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது? ஊர்ப் பெயரைச் சொன்னதும் தெருப் பெயரைக் கேட்கிறவர்களின் பார்வை அவனுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே பழக்கம். அந்தப் பார்வையை வீடு வீடாகப் போய் வாங்கி வருவதுபோல் ஒரு நாள் முழுக்க அலைந்ததுதான் புதிது.

கல்லூரிக்கு எதிரே டீக்கடையில் ஹெப்சிபாவோடு விக்ரம் காத்திருந்தான். டைரக்டர் அவன்தான். கேமராவும் அவனுடையது, பைக்கும் அவனுடையது, படத்தில் அதை ஓட்டி வருகிறவனும் அவனே. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவன் முகம் மலர்ந்ததே, அதைத்தான் சிவபாண்டியால் தாங்க முடியவில்லை.

"தப்பா எடுத்துக்காத மாப்ள. ஆடியன்ஸே சொல்லுதுல்ல? நீ வில்லன், நான் ஹீரோ. ஒரு ஷாட்டக்கூடத் தொட வேணாம். எழுதிக் குடுக்குற கதைய மட்டும் மாத்திருவோம்."

"அது அவன் கதை, விக்ரம்" என்றாள் ஹெப்சிபா.

"யாரு இல்லேன்னா? மார்க்கு நம்ம மூணு பேருக்கும்ல."

ஹெப்சிபா டீயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "சாயங்காலம் கூப்புடுறேன். சரின்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்" என்றான் விக்ரம். சண்டை போடச் சிவபாண்டிக்குத் தெம்பு வேண்டுமே! கூப்பிடும்போது சரியென்று சொல்லித் தொலைத்துவிடலாம், ஆளை விட்டால் போதும் என்றிருந்தது. "வாரேன்டா" என்று கிளம்பினான்.

ஷேர் ஆட்டோவில் இடிபட்டு வீடு வந்தபோது அவன் அம்மா தங்கப்பொண்ணு அப்போதுதான் வேலை முடிந்து வந்து, சுவரில் சாய்ந்து காலை நீட்டியிருந்தாள். ஜவுளிக்கடையில் நாள் பூராவும் நின்றே சேலை விரித்துக் காட்டுகிற வேலை. கணுக்கால் இரண்டும் வீங்கிக் கிடந்தன.

"என்னமோ படம் எடுத்தீகளாமே, காட்டுடா."

"ஒன் வயசுக்காரவுகளுக்கு இல்லம்மா அது."

"ஏன், நான் பாத்தா தேஞ்சா போயிரும்? கொண்டா."

போனைக் கொடுத்துவிட்டு அவனும் பக்கத்தில் சரிந்தான். "எம்புட்டு அழகா நடக்குறான் எம்புள்ள!" என்று அவள் சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. நீட்டியிருந்த காலை மடக்கி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"யாருடா அவன் பின்னால? லைட்டப் போடாம வாரான்?"

"படம்மா."

அவள் காதில் அது விழவே இல்லை. "ஓடுடா" என்றாள் போனைப் பார்த்து. "ரோட்ட விட்டு எறங்கி ஓடிரு சாமி. நிக்காத." படத்தின் பெயர் விழுந்து, திரை கறுத்தது. சிவபாண்டிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒருத்தியாவது பார்த்துவிட்டாள்! வயதுக் கணக்கில்தான் சேரமாட்டாள்.

"அப்பறம் என்னடா ஆச்சு?"

"அம்புட்டுத்தேன்மா. ஆரம்பம் மட்டுந்தேன்."

போன் அவள் கையிலேயே அடித்தது. திரையில் விக்ரம், தன் பைக்கில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தான்.

"குடும்மா. பதில் சொல்லணும்."

தங்கப்பொண்ணு கொடுக்கவில்லை. அந்தப் போட்டோவையே உற்றுப் பார்த்தாள். "இந்த வண்டிதானே?" என்றாள். போனை மடியில் கவிழ்த்து, இரண்டு கையாலும் அழுத்திப் பொத்திக்கொண்டாள். கைக்குள் அது அதிர்ந்துகொண்டே இருந்தது.