எல் சைஸ் தங்கச்சி

துணிக்கடையில் பகுதி நேர வேலை என்றால் வந்தோமா, நாலு சட்டையை மடித்தோமா, போனோமா என்று இருக்கும் என வெளியில் இருப்பவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அந்த அரை நாளுக்குள் முழு நாள் வேலையையும் பிழிந்து எடுத்துவிடுவார்கள் என்பது அதில் மாட்டியவர்களுக்குத்தான் தெரியும். அக்காக்காரிக்கு டிரையல் ரூம் வாசலில் வேலை. உள்ளே போகிறவர்கள் கையில் எத்தனை உருப்படி என்று எண்ணி அனுப்ப வேண்டும். அவர்கள் தரையில் குவித்துவிட்டுப் போனதைப் பொறுக்கி, உள்பக்கம் வெளியே கிடப்பதைத் திருப்பி, பட்டன் போட்டு, ஹேங்கரில் மாட்ட வேண்டும். நடுவில் "இது எனக்கு நல்லா இருக்கா?" என்று கேட்பவர்களுக்கு முகம் மாறாமல் பொய் சொல்ல வேண்டும். பொய்யில் அவள் கெட்டிக்காரி. "அந்த அக்கா சொன்னா ஜனங்க கண்ணை மூடிட்டு வாங்கும்" என்று கடையிலேயே பேச்சு. அந்தக் கெட்டிக்காரத்தனத்தை வீட்டுக்கும் கொண்டுபோனாள் பாருங்கள், அங்கேதான் வந்தது வினை.

வீட்டில் இருந்தது அவளும் தங்கச்சியும்தான். அக்காக்காரியின் புருஷன் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டான். கைக்குழந்தையோடு நின்றவளுக்கு உதவியாகக் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்த தங்கச்சி, கல்யாணமும் கட்டாமல் அங்கேயே தங்கிவிட்டாள். பாப்பாவைக் குளிப்பாட்டியது, பள்ளிக்கூடத்துக்குக் கிளப்பியது எல்லாம் சித்திதான். அந்தப் பாப்பா இப்போது வேறு ஊரில் வேலையில் இருக்கிறாள்.

தங்கச்சிக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று உண்டு. அது ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதத்தான் பயன்பட்டது. மற்றபடி அவள் குண்டு. சின்ன வயசில் அக்காக்காரி வைத்த பேர். வேறு யாராவதாக இருந்தால் சண்டைக்கு வந்திருப்பார்கள். இவளோ அதைப் பட்டம் மாதிரி சுமந்தாள். "உடம்பு எல் சைஸ், மனசு அதுக்கும் மேல" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொல்லுவாள். சொல்லிவிட்டு அவளே முதலில் சிரிப்பாள்.

அவளுக்குத்தான் வயிற்றில் அந்தப் பாழாய்ப்போன புற்றுநோய் வந்தது.

மருந்து ஏற்ற ஆரம்பித்த புதிதில் குண்டு தனக்குத் தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். "இளைக்காம இருக்கிற வரைக்கும் நான் ஜெயிக்கிறேன்னு அர்த்தம்க்கா. எல் சைஸ் எனக்கு நிக்கிற வரைக்கும் எவனாலயும் என்னை அசைக்க முடியாது." ஆஸ்பத்திரியில் எடை பார்க்கிற மிஷின்மேல் ஏறும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். "எனக்குச் சொல்லாதீங்க, அக்காகிட்ட சொல்லுங்க" என்பாள். நர்ஸ் சொல்லும் எடை ஒவ்வொரு தடவையும் குறைந்துகொண்டே வரும். அக்காக்காரி வெளியே வந்து, "அப்படியேதாண்டி இருக்க குண்டு" என்பாள். வீட்டில் இருந்த எடை மிஷினின் பேட்டரியைக் கழற்றி எறிந்துவிட்டு, ரிப்பேர் என்று கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

ஆனால் போட்டிருக்கிற துணியை என்ன செய்வது? பழைய பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. "துவைச்சுத் துவைச்சுத் துணி தொளதொளன்னு ஆயிடுச்சு" என்றாள் அக்காக்காரி. 

குண்டு அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "அப்ப புதுசா எடுத்துட்டு வாயேன். எல்தான், மறந்துடாத."

எல் எடுத்து வந்தால் அது அவள்மேல் திரைச்சீலையாகத் தொங்கும். அன்றைக்கே உட்கார்ந்து உண்மையைப் பேசியிருக்கலாம். அதற்கு வாய் வரவில்லை.

கடையில் கிழிந்தது, கறை பட்டது, ஜிப் போனது எல்லாம் பின்னறையில் இருக்கும் டேமேஜ் பெட்டிக்குப் போகும். தூக்கிப் போடும் முன் அதன் லேபிளைக் கத்தரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் எவராவது அந்தத் துணியை எடுத்துவந்து, புதுசு போலத் திருப்பிக் கொடுத்துப் பணம் கேட்பார்கள். கத்தரிக்கிற வேலை அக்காக்காரியுடையது. அன்று ஒரு எல் லேபிளைக் குப்பைக்கூடைக்குப் பதில் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். குண்டுவுக்கு எம் சைஸில் ஒரு பேன்ட் வாங்கினாள். மறுநாள் காலை குண்டு அசந்து தூங்கும்போது குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, எம் லேபிளைப் பிரித்து எல் லேபிளைத் தைத்தாள். ஊசிக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். விரலில் குத்திக்கொண்டு, நூலைக் கடித்து, ஒருவழியாக முடித்தாள்.

குண்டு போட்டுப் பார்த்தாள். லேபிளைத் திருப்பிப் பார்த்தாள். "பாத்தியா, கச்சிதமா இருக்கு. நான் இன்னும் எல்தான்!"

"பின்ன? நீ குண்டுடி" என்றாள் அக்காக்காரி. குண்டுவின் சிரிப்பைப் பார்த்து அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். டிரையல் ரூமில் எத்தனையோ பேரிடம் சொன்ன பொய்யில் ஒன்றுகூட இப்படி இனித்ததில்லை.

மழைக்காலம் முடிவதற்குள் எம்மும் தொளதொளத்தது. எஸ் வாங்கினாள். பிறகு அதற்கும் கீழே ஒன்று. எல்லாவற்றிலும் எல் லேபிள். கன்னம் ஒட்டிப்போனது கண்ணாடியில் தெரியாதா என்றால், "முகம் மட்டும்தான் கொஞ்சம் வாடியிருக்கு" என்று அக்காக்காரி சப்பைக்கட்டுக் கட்டுவாள். குண்டுவும் ஆமாம் ஆமாம் என்பாள். அதற்குக் கீழே பெண்கள் பகுதியில் சைஸே கிடையாது என்ற நிலை வந்தபோதுதான் அக்காக்காரிக்குக் கை கால் ஓடவில்லை.

அந்த வாரத்திலேயே மாட்டிக்கொண்டாள். வேலை முடிந்து கிளம்பும்போது எல்லோருடைய பையையும் பாக்கெட்டையும் வாசலில் பார்த்துத்தான் அனுப்புவார்கள். பாக்கெட்டை உதறியபோது நாலைந்து எல் லேபிள்கள் மேஜையில் விழுந்தன. சூப்பர்வைசர், அக்காக்காரியின் மகள் வயசுக்காரி, அவற்றை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள்.

"என்னக்கா இது? இதுக்கு வேலையே போயிடும்னு தெரியாதா உங்களுக்கு?"

"தெரியும் மேடம்."

"யாருக்குக் குடுக்கிறீங்க?"

அக்காக்காரிக்கு வாயில் பொய் ஒன்றும் வரவில்லை. அழுதுகொண்டே இருந்ததை இருந்தபடி சொன்னாள். சூப்பர்வைசர் லேபிள்களைக் கூட்டி அள்ளி அவள் கையில் வைத்து மூடினாள்.

"மாடியில குழந்தைங்க பகுதியில பாருங்கக்கா. பெரிய குழந்தைங்க பேன்ட் பிளெயினாதான் வரும். பூ போடாததா எடுங்க."

மறுநாள் அக்காக்காரி மாடி ஏறினாள். பொம்மை படம் போட்ட சட்டைகளுக்கு நடுவே நின்று, பதினொரு வயசுப் பிள்ளைக்கு என்று எழுதியிருந்த சாம்பல் நிறப் பேன்ட் ஒன்றை இடுப்புப் பக்கம் விரித்துப் பார்த்தாள். சரியாக இருக்கும். அங்கேயே ஒரு தூணுக்குப் பின்னால் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வீட்டில் வயசு போட்ட லேபிளைப் பிரித்தாள். துவைக்கிற விவரம் எழுதிய துண்டையும் வெட்டினாள். எல் தைத்தாள். எல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் செய்தாள்.

"இதுவும் கச்சிதம்" என்றாள் குண்டு. நடந்து காட்ட முடியவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தபடியே சொன்னாள். அதன்பிறகு வேறு பேன்ட் கேட்கவே இல்லை. "இதுவே வசதியா இருக்கு, இதையே துவைச்சுப் போடு" என்றாள். அது தொளதொளக்கவும் இல்லை. குண்டு இளைப்பது நின்றுவிட்டது என்றே அக்காக்காரி நினைத்தாள். டாக்டர் வேறு மாதிரி சொன்னபோதும், டாக்டருக்கு என்ன தெரியும், பேன்ட் நிற்கிறதே என்று நினைத்தாள். பேதை, தான் தைத்த லேபிளைத் தானே நம்ப ஆரம்பித்திருந்தாள்.

பிறகு ஒரு நாள் மூச்சு வாங்குகிறது என்று ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே உடை மாற்றிவிட்டு, போட்டு வந்த துணியை நர்ஸ் ஒரு பையில் போட்டு அக்காக்காரியிடம் கொடுத்தாள். கட்டில் பக்கத்தில் சும்மா உட்கார முடியாமல் அக்காக்காரி அதை எடுத்து மடித்தாள். கடைப் பழக்கம். உள்பக்கம் வெளியே இருந்தது. திருப்பப் போனவள் அப்படியே நின்றாள்.

குழந்தைகள் பேன்ட்டில் மட்டும் இடுப்புக்கு உள்ளே இரண்டு பக்கமும் ஓட்டை வைத்த எலாஸ்டிக் பட்டை இருக்கும். பிள்ளை வளர வளரத் தளர்த்திவிட, ஒவ்வொரு ஓட்டையாகப் பட்டனில் மாட்டலாம். அக்காக்காரி அதைப் பார்க்கவே இல்லை. லேபிளைத் தேடிய கண்ணுக்கு அது படவில்லை. இப்போது பட்டை முழுக்க இறுக்கி இழுக்கப்பட்டு, பட்டன் கடைசி ஓட்டையில் மாட்டியிருந்தது. மீதிப் பட்டை நீளமாக வெளியே தொங்கியது. அதற்கு முந்தைய ஓட்டைகள் எல்லாம் ஒவ்வொன்றாக இழுபட்டு நைந்திருந்தன.

நிமிர்ந்தபோது குண்டு கண் திறந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாப்பாவுக்கு எத்தனை வருஷம் நான் அந்தப் பட்டன் மாட்டி விட்டிருக்கேன், எனக்குத் தெரியாதாக்கா?"

"அப்ப... இதைப் போட்ட அன்னிக்கே தெரிஞ்சிடுச்சா?"

"அதுக்கும் முன்னாடியே. மொதல் லேபிள்லயே." குண்டு மூச்சு வாங்கிச் சிரித்தாள். "கோணல்மாணலா எந்தக் கடையில தைப்பாங்க?"

"ஏண்டி சொல்லலை? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"நான் எல்னு சொன்னதும் உன் மூஞ்சி மலர்ந்துச்சு பாரு... அதைப் பாக்கறதுக்காகத்தான் சொன்னேன். எனக்கும் பயமா இருந்துச்சுக்கா. ராத்திரியில ரொம்ப பயமா இருக்கும். உன்னை எழுப்பிச் சொல்லணும்னு இருக்கும். சொன்னா நீ தாங்க மாட்டேன்னு விட்டுட்டேன்."

அக்காக்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். கை நீட்டினால் தொடுகிற தூரம். அங்கே கிடந்து குண்டு தனியாகப் பயந்திருக்கிறாள், லேபிள் தைத்த சந்தோஷத்தில் இவள் அக்கா நிம்மதியாகத் தூங்கியிருக்கிறாள். இனிமேல் பேசலாம் என்றால் பேசுவதற்குக் குண்டுவிடம் மூச்சு இல்லை.

"நிஜ சைஸ் என்னக்கா? சொல்லு."

"பதினொரு வயசுப் பிள்ளைக்கு."

"அந்த வயசுல பாப்பா குச்சி மாதிரி இருப்பா, இல்ல?" குண்டு கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு, "என்னைக் குண்டுன்னு கூப்பிடறதை மட்டும் நிறுத்திடாத" என்றாள்.

"நிறுத்த மாட்டேண்டி குண்டு."

அந்த வாரம் முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் குண்டு காது கேட்காமல் கிடந்தபோதும் கூப்பிட்டாள்.

எல்லாம் முடிந்து அக்காக்காரி மறுபடி வேலைக்குப் போனாள். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது? முதல் நாளே டேமேஜ் பெட்டி நிரம்பிக் கிடந்தது. ஒவ்வொன்றாக எடுத்துக் கத்தரித்தாள். சாயங்காலம் வாசலில் பாக்கெட்டை உதறியபோது ஒரே ஒரு எல் லேபிள் மேஜையில் விழுந்தது. எப்போது போட்டுக்கொண்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

சூப்பர்வைசர் அதைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், அடுத்து நின்றவரின் பையைத் திறந்தாள். குப்பைக்கூடை மேஜைக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதில் போட அக்காக்காரிக்கு மனசு வரவில்லை. எடுத்துத் திரும்பப் பாக்கெட்டிலேயே வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.