நான்காம் நாற்காலியில் நிஸார்

டயாலிசிஸ் செய்யும் சிறுநீரக மையத்துக்கு அன்று காலை வந்தவர்களில் பாதிப் பேர் நோயாளிகளே இல்லை. கைபேசியை நீட்டிக்கொண்டு அழுகையும் ஆத்திரமுமாக வந்து நின்றார்கள். இறந்து கபருக்குப் போன நோயாளிகளின் வீடுகளுக்கெல்லாம் செய்தி போயிருந்தது: "இன்று உங்கள் முறை. தவறாமல் வரவும்."

கணினிப் பிரிவின் ஸவ்ஸனுக்கும் வந்திருந்தது, தம்பி நிஸாரின் பெயரில். நான்காம் நாற்காலி. அவன் மவுத்தாகி ஒரு ரமலானும் கழிந்துவிட்டது.

"என்னடி பண்ணி வச்சிருக்கே?" நர்ஸ் உம்மு குஸை கத்தினாள். "செத்தவங்கள எழுப்பி விட்டுட்டு, உசுரோட இருக்கிற அபூ ஷாஹிருக்கு நாற்காலி இல்லைங்குது! மனுசனுக்கு மூச்சு வாங்குது. கம்ப்யூட்டர் விடாம நான் எப்படி மிஷினைப் போடுறது?"

தரவுத்தளத்தை முந்தின நாள் புதியதற்கு மாற்றியவள் ஸவ்ஸன்தான். அவளுக்கு முன் அந்த வேலையில் இருந்த முன்திர் என்பவனுக்கு, 'இறந்தவர்கள்' என்று ஓர் அட்டவணைக்குப் பெயர் வைக்கக் கை வரவில்லை. அந்த மையத்தில் அந்தச் சொல்லை யாரும் வாயால்கூடச் சொல்ல மாட்டார்கள். உயிரோடிருப்பவர்களின் அட்டவணைக்கு ஆங்கிலப் பெரிய எழுத்தில் பெயர் வைத்தான். போனவர்களுக்கும் அதே பெயர், சின்ன எழுத்தில். பழைய தரவுத்தளத்துக்கு அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். புதியதோ எல்லாப் பெயரையும் சின்ன எழுத்தாக்கித்தான் படிக்கும். இரண்டு அட்டவணையும் ஒன்றாகிவிட்டன.

இறந்த தேதியை வைத்து அவள் பிரித்தாள். மற்ற எல்லோரும் அன்றைய பட்டியலை விட்டுப் போனார்கள். நிஸார் மட்டும் போகவில்லை. அவனுக்குத் தேதியே இல்லை. அதை நிரப்ப வேண்டியவள் அவள்தான்; நிரப்ப மனசு வராமல் விட்டிருந்தாள்.

வீங்கிய காலோடு வாசலில் நின்ற அபூ ஷாஹிர் சிரிக்கப் பார்த்தார். "நம்ம நிஸாரா மகளே? பக்கத்துல உக்காந்து என் கஅக் பிஸ்கட்டுல பாதியப் புடுங்கித் தின்னவனாச்சே. அவசரமில்ல, உக்காந்துட்டுப் போகட்டும்."

சொல்லி முடிப்பதற்குள் மூச்சு முட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"மன்னிச்சிரு தம்பி, எந்திரி," என்றாள் ஸவ்ஸன், வாய்விட்டே. கண்ணீரோடு தேதியை அடித்தாள். நான்காம் இயந்திரம் உறுமிக்கொண்டு விழித்தது.

உம்மு குஸை அபூ ஷாஹிரைத் தாங்கிப்பிடித்து உட்கார வைத்தாள். உட்கார்ந்தவர் திடுக்கிட்டு இருக்கையைத் தடவினார்.

"சூடா இருக்கு மகளே," என்றார். "இப்பத்தான் யாரோ எந்திரிச்சுப் போயிருக்காங்க."