இரண்டாம் கட்ட அனுமதி

அணுமின் நிலையத்துக்கு அனுமதி கொடுப்பதில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு வழக்கம். சில நாடுகளில் இரண்டு கட்டம்: கட்டுவதற்கு ஒன்று, ஓட்டுவதற்கு ஒன்று. சில நாடுகளில் எல்லாவற்றையும் முதலிலேயே பார்த்து ஒரே அனுமதி. இவற்றை ஒப்பிட்டு அறிக்கை எழுதுவதும், இங்கே அனுமதிக்குக் கையெழுத்துப் போடுவதும்தான் அக்காவின் பிழைப்பு. பாதுகாப்பு வாரியத்தில் எல்லாருக்கும் அவள் அக்காதான். அவளைவிடப் பத்து வயது மூத்த இயக்குநரும் கூச்சமில்லாமல் அப்படித்தான் கூப்பிடுவார். காரியம் ஆகவேண்டுமென்றால் குரல் இன்னும் குழையும்.

அன்று நன்றாகவே குழைந்தது. "அக்கா, ஓட்டுறதுக்கான அனுமதியில உங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. இதே மாதிரி உலைய இன்னொரு நாட்டுல ஓட்டவே ஆரம்பிச்சுட்டாங்க. அவங்க கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுப் பாக்கிறவங்க. நாம வேற எதுக்கு மண்டைய ஒடைச்சுக்கணும்?"

அவளுக்கும் ஆசைதான். உலை ஓடினால்தான் வேலை நிரந்தரம் என்று அவள் தம்பி அந்த நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் காத்துக் கிடந்தான். ஒரே ஒரு முள்தான் உறுத்தியது. மின்சாரம் போய்விட்டால் உலையைக் குளிர்விக்கத் தானாகத் திறக்கவேண்டிய வால்வு. அதை முழு அழுத்தத்தில் யாரும் இங்கே சோதிக்கவில்லை. அங்கே சோதித்திருப்பார்கள் என்று அந்த நாட்டு ஆய்வாளரை வீடியோவில் பிடித்தாள்.

அவர் சிரித்தார். "நாங்க எங்கே சோதிச்சோம்? நீங்கதான் அனுமதி குடுத்துட்டீங்களே மேடம், அத நம்பித்தான் விட்டோம்."

"நாங்க குடுத்தது கட்டுறதுக்கு மட்டும். வால்வை ரெண்டாம் கட்டத்துல பாத்துக்கலாம்னு விட்டிருந்தேன்."

"ரெண்டாம் கட்டமா?" சிரிப்பு நின்றுவிட்டது. "எங்ககிட்ட அனுமதின்னா ஒண்ணுதாங்க."

இவர்கள் அவர்களை நம்ப, அவர்கள் இவர்களை நம்ப, வால்வை ஒருவரும் தொடவில்லை. எல்லா நாட்டு முறைகளையும் கரைத்துக் குடித்தவள்தான். ஆனால் தன் கையெழுத்தை இன்னொரு நாட்டில் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று மட்டும் யோசிக்கவில்லை.

விஷயத்தைக் கேட்ட இயக்குநரின் முகம் வெளுத்தது; குரல் மட்டும் குழைந்தபடியே இருந்தது. "கிளப்பினா, முதல் கட்டத்துல கையெழுத்து போட்டது யாருன்னு கேப்பாங்க. நீங்கதானே அக்கா?"

அவள் கையெழுத்துப் போட மறுத்தாள். வாரியத்துக்கு ஆட்சேபம் அனுப்பினாள். அடுத்த மாதக் கூட்டத்தில் பரிசீலிக்கிறோம் என்று பதில் வந்தது. அந்த நாட்டு ஆய்வாளர் போனை எடுப்பதையே விட்டுவிட்டார். அவர் உலைதான் ஓடிக்கொண்டிருக்கிறதே, பாவம். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

தம்பியையாவது காப்பாற்றலாம் என்று கூப்பிட்டாள். "நான் கையெழுத்து போடலடா. உன் வேலை போனாலும் போகட்டும்."

"என்னக்கா சொல்றே? மத்தியானமே அனுமதி வந்துடுச்சே. வெளிநாட்டுல அனுமதி வாங்கின உலைன்னா இயக்குநரே போடலாமாம், விதி இருக்காம். நாளைக்கு ஓட்டுறோம். முதல் ஷிப்ட் எனக்குத்தான்!"

"போகாதடா." வால்வு விஷயத்தை ஒன்றுவிடாமல் கொட்டினாள்.

"நான் போகலைன்னா அந்த நாற்காலியில வேற ஒருத்தன் உக்காருவான். அவனுக்கு இது தெரியாது. எனக்குத் தெரிஞ்சுபோச்சே."

"அய்யோ, உன்ன நிறுத்தத்தானேடா சொன்னேன்!"

"இனிமே எப்படிக்கா நிக்க முடியும்? சரி, அழாதே. அது தானா திறக்கலைன்னா கையால திறக்க முடியுமா? அத மட்டும் சொல்லு."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, உலையின் வரைபடத்தை மேசையில் விரித்தாள்.