சட்டைப்பை மாத்திரை

என் அண்ணன் ஒரு கையால் என் வீட்டுக்காரரின் தாடையைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் சின்ன வெள்ளை மாத்திரையை வைத்துக்கொண்டு வாயைத் திறக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். அவரோ பல்லைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினார். பட்டறைத் தரையில், வெட்டிப்போட்ட ஸ்பாஞ்சுத் துண்டுகளுக்கு நடுவில் மல்லாந்து கிடந்தார். வியர்வையில் சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. மாடிப்படியில் ஓடிவந்த நான் பார்த்தது இதைத்தான்.

அவர் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பது அங்கே இருந்தவர்களில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

எங்களுடையது சோபா செய்கிற பட்டறை. கீழே வேலை, மேலே எங்கள் குடித்தனம், பக்கத்து வீட்டில் அண்ணன் குடும்பம். அண்ணன் மரச்சட்டம் அடிப்பான், இவர் ஸ்பிரிங் கட்டி ஸ்பாஞ்சு வைப்பார், அண்ணியும் நானும் உறை தைப்போம், மரத்துக்கு வார்னிஷ் அடிக்க ஓர் ஆள் வந்துபோவார். தையல் மிஷின் பக்கத்தில் ஒரு பொத்தான் டப்பா உண்டு. அதில் பொத்தானைவிட மாத்திரைதான் அதிகம். எங்கள் பட்டறையில் மாத்திரைக்குச் சொந்தக்காரர் கிடையாது, வலி யாருக்கோ மாத்திரை அவருக்கு. அண்ணனின் முட்டிவலி மாத்திரையை நான் பல்வலிக்குப் போட்டிருக்கிறேன். அண்ணியின் அலர்ஜி மாத்திரையை வார்னிஷ்காரர் தூக்கம் வருவதற்காகப் போடுவார். இந்த லட்சணத்தில் நாங்கள் இத்தனை காலம் பிழைத்துக் கிடந்ததே பெரிய விஷயம்.

ஒரே ஒரு மாத்திரையை மட்டும் நான் அந்த டப்பாவில் போடவில்லை. அது என் பீரோவில், போர்வைகளுக்கு அடியில் இருந்தது.

சர்க்கரை வந்த பிறகு, அந்த விஷயத்தில் என் வீட்டுக்காரரின் உடம்பு ஒத்துழைக்கவில்லை. முதலில் வேலை அலுப்பு என்றார். பிறகு மெத்தை சரியில்லை என்றார். சோபா தைக்கிற குடும்பத்தில் மெத்தையைக் குறை சொன்ன ஒரே மனிதர் அவர்தான். கடைசியில் வார்னிஷ்காரர், தனக்குத் தெரிந்த ஓர் ஆளிடம் பெயரில்லாத மாத்திரை மலிவாகக் கிடைக்கும் என்று அவர் காதில் ஓதியிருக்கிறார். அது தெரிந்ததும் எனக்கு வந்த கோபத்தில், அவரைத் தரதரவென்று இழுக்காத குறையாக டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

டாக்டர் ஒரு பெண். அதைப் பார்த்ததுமே இவர் பாதியாகச் சுருங்கிவிட்டார். டாக்டர் அதை ஒன்றும் கண்டுகொள்ளவில்லை. ரத்த அழுத்தம் பார்த்தார், இதயத்துக்கு ஈசிஜி எடுக்கச் சொன்னார், வேறு என்னென்ன மாத்திரை போடுகிறார் என்று துருவித் துருவிக் கேட்டார். பிறகு இருப்பதிலேயே குறைந்த அளவை எழுதிக்கொடுத்து, வேலை செய்யவில்லை என்று மேலே இன்னொன்று போடக் கூடாது என்றார். அதற்கப்புறம் வெளியே உட்கார்ந்திருந்த என்னை உள்ளே கூப்பிட்டார். இதற்கெல்லாம் நான் எதற்கு என்று எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

"இதைப் போட்டிருக்கிற நேரத்துல நெஞ்சு வலிச்சா, நாக்குக்கு அடியில வைக்கிற இதய மாத்திரையை யாரும் குடுத்துடக் கூடாது. ரத்த அழுத்தம் அப்படியே படுத்துடும், ஆளை மீட்கிறது கஷ்டம். உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, வர்றவங்ககிட்ட முதல்ல இதைச் சொல்லணும். அவர் மயங்கிட்டா யார் சொல்லுவா? அதுக்குத்தாம்மா உங்களைக் கூப்பிட்டேன்."

வீடு திரும்பும்போது இவர் தெருமுனையில் நின்று, இதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடக் கூடாது, முக்கியமாக உன் அண்ணனிடம் விடவே கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். அவர் பயத்திலும் நியாயம் இருந்தது. ஒரு முறை இவர் ஏணியிலிருந்து விழுந்ததற்கு அண்ணன் ஒரு வருஷம் 'பறக்கும் மாப்பிள்ளை' என்றே கூப்பிட்டான். வருகிற வாடிக்கையாளர்களுக்குக்கூட அப்படித்தான் அறிமுகம் செய்து வைத்தான்.

அன்று சனிக்கிழமை. மத்தியானமே பட்டறையை மூடிவிட்டோம். மகள் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். இவர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, புது மாப்பிள்ளை மாதிரி ஜன்னல் திரையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கீழிருந்து அண்ணனின் குரல். வண்டி வந்துவிட்டதாம், பெரிய சோபாவை ஏற்ற ஒரு கை பிடிக்க வேண்டுமாம். போகாதீர்கள் என்றேன். போகாவிட்டால் மச்சான் மேலே ஏறி வந்துவிடுவார் என்று சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினார். கொஞ்ச நேரத்தில் மரம் தரையில் மோதுகிற சத்தம் கேட்டது.

நான் கீழே ஓடிவருவதற்குள் ஆம்புலன்ஸுக்கு அண்ணி சொல்லிவிட்டாள். வார்னிஷ்காரர் வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்தது பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கப் போய்விடும். அண்ணன் கையில் இருந்தது அவனுடைய இதய மாத்திரை. அதை எப்போதும் சட்டைப்பையில் வைத்திருப்பான். தனக்கு வலி வந்தால் அதுதான் காப்பாற்றுகிறது, அதனால் மாப்பிள்ளையையும் காப்பாற்றும் என்று நினைத்தான். எங்கள் பட்டறை வழக்கமே அதுதானே.

அந்த மாத்திரை அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிப் பார்த்தேன். இதுவரை தொட்டதே இல்லை, அப்புறம் எப்படி ஒத்துக்கொள்ளாமல் போகும் என்று அண்ணன் சீறினான். பாய்ந்து அவன் கையைத் தட்டிவிட்டேன். மாத்திரை ஸ்பாஞ்சுக்குள் உருண்டு போனது. எனக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்து அண்ணி என்னை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் பையிலிருந்து அடுத்ததை எடுத்தான். இந்த முறை இவர் மூக்கைப் பொத்தினான். மூச்சுக்காக வாய் தானாகத் திறந்துவிடும்.

இவர் என்னைப் பார்த்தார். உதடு நீலம் பாய்ந்திருந்தது. அந்த நிலையிலும் அந்தக் கண், சொல்லாதே என்றுதான் என்னிடம் கெஞ்சியது. சாகிற நேரத்திலும் மானம் பார்க்கிற மனுஷன். எனக்கு அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது.

"அண்ணே, கையை எடு. அவர் இன்னைக்கு ஆம்பளைங்க போடுற மாத்திரை போட்டிருக்கார். படுக்கைக்குப் போறதுக்குப் போடுறது. நானும் கூடப் போய் டாக்டர்கிட்ட எழுதி வாங்கினது. அது மேல இதைக் குடுத்தா செத்துடுவார்."

அண்ணியின் கை என் இடுப்பிலிருந்து நழுவியது. வார்னிஷ்காரர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். மூக்கைப் பொத்தியிருந்த கையை அண்ணன் எடுத்தான். கையில் இருந்த மாத்திரையை, அது கடித்துவிடும் என்பது போல வெறித்துப் பார்த்தான். முகம் வெளிறிப்போயிருந்தது. இவருக்காகத்தான் பயப்படுகிறான் என்று நினைத்தேன்.

ஆம்புலன்ஸில் வந்த பெண்ணிடம் மாத்திரையின் பெயர், அளவு, எப்போது போட்டார் என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஏதோ ஜலதோஷ மருந்தைக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டாள். இவ்வளவு லேசாகச் சொல்லக்கூடிய ஒன்றுக்காகவா இவர் உயிரைப் பணயம் வைத்தார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆஸ்பத்திரியில் இதயக் குழாயில் இருந்த அடைப்பை எடுத்துவிட்டார்கள். என்னை உள்ளே விட்டபோது இவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"சொல்லிட்டியே."

"ஆமா. கோபப்படுறதுக்கு நீங்க உயிரோட இருக்கீங்களே, அது போதும்."

அவர் திரும்பவில்லை. ஆனால் போர்வைக்கு வெளியே இருந்த கை என் விரலைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

வெளியே வந்தேன். பெஞ்சில் அண்ணன் தனியாக உட்கார்ந்திருந்தான். கேலி எதுவும் வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்ததும், சட்டைப்பையில் கைவிட்டு ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். பிரித்துப் பார்த்தேன். பெயரில்லாத நீல மாத்திரைகள்.

"வார்னிஷ்காரன் குடுத்தான். இன்னும் போடல. இன்னைக்குப் போடலாம்னு இருந்தேன்."

"இதய மாத்திரையும் இதே பையிலயா வச்சிருந்த?"

தலையை ஆட்டினான். நீல மாத்திரையைப் போட்ட பிறகு இவனுக்கு வலி வந்திருந்தால், இதய மாத்திரையை அண்ணிதான் நாக்குக்கு அடியில் வைத்திருப்பாள், தன் கையாலேயே.

"அண்ணிக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீயும் சொல்லிடாத."

நடைக்கூடத்தின் கோடியில் அண்ணி எங்களுக்குத் தேநீர் வாங்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். நான் பொட்டலத்தை அவன் கையிலேயே திரும்ப வைத்து, மூட முடியாதபடி அவன் விரல்களைப் பிடித்துக்கொண்டேன்.

"அண்ணி, இங்க வந்து உக்காருங்க. அண்ணன் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுமாம்."